அதிகாலை 2:45-க்கு எடுத்த சூடு: ஒரு நிகழ்வு ஆய்வு

திருமங்கலத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இது ஒரே வீட்டைச் சேர்ந்த மாமியார், மருமகள் இருவரைப் பற்றியது, தெர்மாமீட்டரை வைத்துத் தைராய்டு நோயைக் கண்டுபிடிக்கப் போன கதை. இருவரிடமும் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் ஆளை அடையாளம் காட்டிவிடும் விவரங்களையும் விட்டுவிட்டேன். என் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது, அதை விடவில்லை.

பின்னணி

மருமகளுக்கு வயது 39. திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் வீடு, வீட்டை ஒட்டி முக்கால் ஏக்கர் மல்லித் தோட்டம். கணவர் வாடகை வண்டி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பூப்பறிப்பு முழுக்க இவர் பொறுப்பு. இரவு 9 மணிக்குப் படுத்து, அதிகாலை 2:45-க்கு எழுந்து, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால் 6 மணி வரை குனிந்த முதுகு நிமிராது. மொக்காக இருக்கும்போதே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வாய் திறந்த பூவுக்கு அங்கே மதிப்பில்லை. பகலில் கடைக்காரர்களுக்குப் பூ கட்டித் தருவதும் உண்டு.

ஐப்பசியிலிருந்தே உடம்பு சரியில்லை. அசதி, முடி கொட்டுதல், சும்மா இருக்கும்போதே குளிர்வது, பூச்சாக்கைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் மூச்சு வாங்குவது. “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாகள்ல, அதுதான்னு இருந்துட்டேன்” என்றார். வேலைதான் காரணம் என்று மாமியாரும் சொல்லியிருக்கிறார்.

மகள் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அம்மாவின் தொல்லைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து, தைராய்டாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பில் குறையில்லை. அசதி, முடி உதிர்தல், குளிர் தாங்காமை மூன்றும் சேர்ந்து வந்தால் நானும் முதலில் அதைத்தான் நினைப்பேன். ஆனால் செல்போனில் அவள் பார்த்த ஒரு வீடியோ, ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்றது. காலையில் கண் விழித்ததும் படுக்கையை விட்டு எழாமல் அக்குளில் பத்து நிமிடம் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும், 97.8 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் தைராய்டு மந்தம். லேப்பில் ‘நார்மல்’ என்று வந்தாலும் நம்பக் கூடாது. இவ்வளவுதான் அந்த வீடியோவின் சாரம்.

கடைசியாகச் சொன்னதுதான் விஷமம். அதைக் கேட்டவர் பரிசோதனைக்கு வரமாட்டார். வந்தாலும் முடிவை ஏற்கமாட்டார்.

மருந்துக்கடையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினார்கள். மாசி முதல் தேதியில் நோட்டு தொடங்குகிறது.

முதல் வருகை

பங்குனி முதல் வாரத்தில் என்னிடம் வந்தார்கள். அசதிக்காக வரவில்லை. பத்து நாளாகப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. நாடி நிமிடத்துக்கு 112. இ.சி.ஜி.யில் வேகம் மட்டும் கூடுதல், லயம் ஒழுங்காகவே இருந்தது. நாக்கும் கண்ணின் உள்ளிமையும் வெளுத்திருந்தன. கழுத்தில் வீக்கம் இல்லை. ரத்த அணுக்கள் எண்ணிக்கை, டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 மூன்றும் எழுதிக் கொடுத்தேன். மாலையில் முடிவுகள் வந்தன.

டி.எஸ்.ஹெச். 0.07. எங்கள் லேப்பில் 0.4 முதல் 4.5 வரை சரியான அளவு. ஃப்ரீ டி4 2.4, அதற்கு மேல் எல்லை 1.8. ஹீமோகுளோபின் 8.1, சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருந்தன.

டி.எஸ்.ஹெச். பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அது தைராய்டு சுரப்பதல்ல (தைராய்டு சுரப்பது டி4), மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி தைராய்டை வேலை வாங்க அனுப்புவது. தைராய்டு மந்தமானால் இது ஏறும், தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் இறங்கும். 0.07 என்றால் ஹார்மோன் மிஞ்சிக் கிடக்கிறது என்று பொருள்.

“தைராய்டு கூடுதலாக வேலை செய்கிறது” என்று சொன்னேன். அப்போது மகள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “சூடு 96.6 தானே மேடம் காட்டுது? கூடுதலா வேலை செஞ்சா உடம்பு சுடணும்ல?”

நல்ல கேள்வி. நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. “தெர்மாமீட்டரையெல்லாம் வைத்துத் தைராய்டைக் கண்டுபிடிக்க முடியாதும்மா” என்று நோட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். மாலை நேரம், வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்தது அது. தைராய்டு கூடியதற்குக் காரணம் தேட எதிர்ப்பொருள் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதி, மதுரைக்குப் போய்ச் செய்துகொண்டு வரச் சொன்னேன். அந்த இரண்டுக்கும் ஆகும் செலவு அவர்களுக்கு ஒரு வாரப் பூக்காசு.

மறுநாள்

மறுநாள் காலை கிளினிக் திறக்கும் முன்பே மகள் மட்டும் வந்து நின்றாள். கையில் ஒரு மாத்திரை அட்டை, இரண்டு பிளாஸ்டிக் டப்பா. அட்டையில் இருந்தது தைராக்சின் 100 மைக்ரோகிராம், தைராய்டு மந்தத்துக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை. வாடிப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெரியம்மாவுடையது. நோட்டில் முதல் பதினைந்து நாள் எண்களைப் பார்த்ததும் தைராய்டு மந்தம் உறுதி என்று முடிவுகட்டி, பெரியம்மாவிடம் இரண்டு அட்டை வாங்கி, மூன்று வாரமாக அம்மாவுக்குக் கொடுத்து வந்திருக்கிறாள். டப்பா ஒன்றில் கடல்பாசி கேப்சூல், இன்னொன்றில் முடி கொட்டாமல் இருக்க 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின். இரண்டும் ஆன்லைனில் வாங்கியவை, சேர்த்து மாதம் 1,400 ரூபாய்.

“நேத்தே சொல்லியிருப்பேன். அம்மா திட்டுவாகன்னு…” என்றாள். அம்மா எதற்குத் திட்ட வேண்டும்? நான் திட்டுவேன் என்றுதான் பயந்திருப்பாள்.

தைராய்டு நன்றாக இருக்கும் ஒருவர் தினம் 100 மைக்ரோகிராம் தைராக்சின் சாப்பிட்டால், பிட்யூட்டரி “வெளியிலிருந்தே வருகிறதே” என்று டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்துவிடும். ரிப்போர்ட்டில் பாதிக் கதை இது. மீதிக் கதை பயோட்டின். பல லேப் இயந்திரங்களில் தைராய்டு பரிசோதனையே பயோட்டின் ஒட்டும் வேதிமுறையில்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் இயந்திரம் ஏமாறும், டி.எஸ்.ஹெச். உண்மையைவிடக் குறைவாகவும் ஃப்ரீ டி4 கூடுதலாகவும் விழும். தைராய்டு அதிகச் சுரப்பு போலவே ரிப்போர்ட் வரும். இதைத் தவிர்க்கப் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்வது வழக்கம். நான் கேட்கவே இல்லை.

ரத்தசோகையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இதயத்தின் மேல் தைராக்சினையும் ஏற்றியிருக்கிறார்கள். 39 வயது என்பதால் படபடப்போடு நின்றது. இதே மாத்திரையை மாமியார் வயதில் ஒருவர் இப்படி எடுத்திருந்தால் இதயத் துடிப்பே ஒழுங்கு தப்பியிருக்கலாம்.

மதுரையில் செய்ய எழுதிய இரண்டு பரிசோதனைகளையும் ரத்து செய்தேன். மூன்றையும் நிறுத்தச் சொன்னேன். அதன் பிறகுதான் நோட்டைக் கேட்டு வாங்கினேன்.

நோட்டில் இருந்தது

கோடு போட்ட 80 பக்க நோட்டு. தேதி, நேரம், சூடு, குறிப்பு என்று நான்கு கட்டம். பின்பக்கத்தில் கிராஃப் தாளை ஒட்டிப் புள்ளி வைத்துக் கோடும் இழுத்திருந்தாள். என் மருத்துவக் கல்லூரி ரெக்கார்டு நோட்டு இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

தைராக்சின் தொடங்கும் முன்பு 15 நாள், தொடங்கிய பிறகு 21 நாள். முதல் 13 நாள் எண்கள், பின்னால் சொல்லப்போகும் சில நாள் நீங்கலாக, 96.4-க்கும் 96.8-க்கும் இடையில். 14-ஆம் நாளிலிருந்து 97-ஐ ஒட்டி ஏறி, 96.9 முதல் 97.3 வரை நின்று, 28-ஆம் நாளில் திரும்ப இறங்குகிறது. அந்த ஏற்றத்துக்கு எதிரில் மகள், “மாத்திரை வேலை செய்கிறது!” என்று பச்சை மையில் எழுதியிருந்தாள். 28-ஆம் நாள் குறிப்பில் “அம்மாவுக்குத் தூரம்”, அதாவது மாதவிலக்கு, என்று இருந்தது.

மாத்திரைக்கும் அந்த ஏற்றத்துக்கும் சம்பந்தமில்லை. மாத்திரை தொடங்கியது 16-ஆம் நாள், சூடு ஏறியது 14-ஆம் நாள். சினைமுட்டை வெளியேறிய பிறகு சுரக்கும் புரொஜெஸ்டெரோன் உடம்புச் சூட்டை அரை டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கோ அதற்குச் சற்று மேலாகவோ உயர்த்தி, மாதவிலக்கு வரும்வரை அப்படியே வைத்திருக்கும். குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதியருக்கு நாங்கள் இதே முறையில் சூடு எடுக்கச் சொல்வதுண்டு. மகளுடைய கோடு அந்தப் பாடப்புத்தகப் படத்தை அப்படியே ஒத்திருந்தது. கேட்ட கேள்வி தைராய்டு, நோட்டு சொன்ன பதில் சினைப்பை.

இன்னும் இரண்டு விஷயங்கள். மாசி 9, 10 தேதிகளில் வாடிப்பட்டியில் ஒரு காதுகுத்துக்காகப் பெரியம்மா வீட்டில் தங்கியிருக்கிறார்கள். பூப்பறிப்பு இல்லை. அன்று எழுந்தது 6:15-க்கு. எண்கள் 97.5, 97.6. மற்ற நாளெல்லாம் நேரக் கட்டத்தில் 2:45, 2:50, 2:45. உடம்புச் சூடு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. பின்னிரவில் அடிமட்டத்துக்குப் போய், விடியுமுன் ஏறத் தொடங்கி, மாலை 4 முதல் 6 மணிக்குள் உச்சிக்கு வரும். இடைவெளி சுமார் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட். பள்ளத்தின் அடியில் நின்று அளந்துவிட்டுக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்பது போல ஆகிவிட்டது.

சில நாள் அம்மா தூக்கக் கலக்கத்தில் அளக்க மறந்து, தோட்டத்திலிருந்து வந்து 7 மணிக்கு வைத்திருக்கிறார். 98.1, 98.3, 98.0. மூன்றையும் மகள் சிவப்பு மையால் அடித்து “தவறு” என்று எழுதியிருந்தாள். எழுந்தவுடன் எடுத்ததுதான் கணக்கு என்று வீடியோ சொன்னதால். விதிப்படி அவள் செய்தது சரி. ஆனால் நோட்டில் ‘நல்ல’ எண் என்று இருந்தவை அடிபட்டுப் போயின.

அவர்களுடைய தெர்மாமீட்டரையும் என்னுடையதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அவர்களுடையது 0.3 குறைவாகக் காட்டியது. விலை மலிவான கருவியில் இது பெரிய குற்றமில்லை, காய்ச்சல் பார்க்க அது போதும். ஒரு டிகிரியில் பாதியை வைத்து நோய் சொல்லும் வேலைக்குப் போதாது.

97.8 எங்கிருந்து வந்தது

மகள் கேட்டாள், அடுத்த வருகையில் சொன்னேன். இந்த எண்ணை யாரும் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. ப்ரோடா பார்ன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1942-இல் இதைப் பற்றி எழுதினார். அக்குளில் பத்து நிமிடம், 97.8 முதல் 98.2 வரை சரி, அதற்குக் கீழே தைராய்டு மந்தம். அந்தக் காலத்தில் டி.எஸ்.ஹெச். பரிசோதனை கிடையாது. தைராய்டை அளக்க இருந்த வழி, நோயாளியைப் பட்டினியோடு படுக்க வைத்து, அவர் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறார் என்று ஒரு கருவியால் கணக்கிடுவது. அது தொல்லை பிடித்த வேலை. வீட்டிலேயே ஒரு தெர்மாமீட்டர் அதற்கு ஈடாகுமா என்று 1942-இல் ஒருவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ரத்தத்தில் டி.எஸ்.ஹெச்.சை அளக்கும் முறை 1960-களில் வந்து, 80-களில் மிக நுட்பமான பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயமில்லை.

தைராய்டுக்கும் சூட்டுக்கும் உறவு இருப்பது உண்மை. செல்களின் எரிபொருள் செலவைத் தீர்மானிப்பதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. தைராய்டு மிகவும் மந்தமாகி நினைவு தப்பும் நிலைக்கு வந்தவர்களின் உடம்பு தொட்டாலே சில்லிட்டிருக்கும், 95-க்குக் கீழே போவதும் உண்டு. ஆனால் சூடு குறைவதற்கு வேறு நூறு காரணம் உண்டு: அளந்த நேரம், அளந்த இடம், வயது, மாதவிலக்கின் எந்த நாள், முந்தின இரவுத் தூக்கம், சாப்பாட்டின் அளவு, ரத்தசோகை. தைராய்டு மந்தமான பலருக்குச் சூடு சரியாகவே இருக்கும். அதுவும் இந்த வீட்டிலேயே நடந்தது.

எல்லோருக்கும் தெரிந்த 98.6-இன் கதையும் இதுதான். 1868-இல் ஜெர்மனியில் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் சுமார் 25,000 பேரின் அளவுகளிலிருந்து எடுத்த சராசரி அது. 1992-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களை வாயில் அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்றே வந்தது. அக்குளில் அதைவிட இன்னும் குறையும். சராசரி என்றாலே அதற்குக் கீழே ஏறக்குறைய பாதிப் பேர் இருப்பார்கள், இயற்பியல் படிக்கிற பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாமியார்

இரண்டாவது வருகைக்குத் துணையாக மாமியார் வந்தார். வயது 67. மருமகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, “நல்லா பாரு தாயி, இவ நல்லா இருந்தாத்தான் வீடு நல்லா இருக்கும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு ஆன நேரம்தான் என்னை நிமிர வைத்தது. குரல் கரகரத்து, அடித்தொண்டையிலிருந்து வந்தது. இமைகள் உப்பியிருந்தன. பங்குனி வெயிலில், ஃபேன் சுற்றும் அறையில், சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு தோளையும் மூடியிருந்தார். கையைப் பிடித்தேன். தோல் காய்ந்த வாழைச்சருகு மாதிரி. நாடி 56.

“அப்பத்தாவுக்கு ஒண்ணும் இல்ல மேடம், அப்பத்தாவுக்கும் எடுத்திருக்கேன்” என்று மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் நல்ல ஆரோக்கியமானவர் வேண்டும் என்று அப்பத்தாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஏழு நாள். 98.0, 98.2, 97.9, 98.4… எல்லாம் 97.8-க்கு மேலே. தலைப்பு: “நார்மல்”.

எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். அப்பத்தாவுக்கு அக்குள் சதை தளர்ந்துவிட்டதால் தெர்மாமீட்டர் நிற்கவில்லை, அதனால் வாயில் வைத்தது. நேரம் 6:30. அதற்கு முன் காபி? “காபி குடிக்காம அப்பத்தா வாயே திறக்காது மேடம்.”

முழங்காலிடச் சொல்லிக் குதிகால் தசைநாணைச் சுத்தியலால் தட்டினேன். பாதம் சட்டென்று அசைந்து, பழைய இடத்துக்கு மெதுவாகத் திரும்பி வந்தது. தைராய்டு மந்தத்தில் இந்தத் திரும்பல்தான் தாமதமாகும். மகளைப் பக்கத்தில் நிறுத்தி இன்னொரு முறை தட்டிக் காட்டினேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

டி.எஸ்.ஹெச். 64. ஃப்ரீ டி4 0.4. கொலஸ்ட்ரால் 271. ஒரு வருடத்துக்கு முன்பு வேறோர் இடத்தில் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எழுதி, கால் சதை வலிக்கிறது என்று இவர் தானாகவே நிறுத்தியிருந்தார். தைராய்டு மந்தமானால் கொலஸ்ட்ரால் ஏறும்; அந்த நிலையில் கொலஸ்ட்ரால் மாத்திரை சதை வலியை எளிதில் கொண்டுவரும். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருந்திருக்கலாம். அன்று யாரும் தைராய்டு பார்க்கவில்லை. எட்டு இந்திய நகரங்களில் நடத்தி 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சென்னையும் அதில் ஒன்று, பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு மந்தம் இருந்தது. இவ்வளவு பரவலான ஒன்றை முந்நூறு நானூறு ரூபாய்ப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

மாத்திரை தொடங்கும் முன் அவருக்கும் ஒரு வாரம் முறையாகச் சூடு எடுக்கச் சொன்னேன். என் ஆர்வம்தான், மருத்துவத் தேவை எதுவும் இல்லை. என்னுடைய தெர்மாமீட்டரைக் கொடுத்தனுப்பினேன். எழுந்தவுடன், காபிக்கு முன், மகள் கையைப் பிடித்து அழுத்திக்கொள்ள, அக்குளில். 97.3 முதல் 97.7 வரை. டி.எஸ்.ஹெச். 64 உள்ள மாமியாருக்கு, தைராய்டு நன்றாக இருக்கும் மருமகளைவிடச் சூடு கூடுதல்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

மருமகளுக்குத் தைராய்டு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. படபடப்புக்கு மாத்திரை கொடுக்கலாமா என்று யோசித்தேன். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், மூன்று நான்கு வாரத்தில் தானாக வடியும். நடக்க முடிகிறது, நெஞ்சு வலி இல்லை, துடிப்பு ஒழுங்காக இருக்கிறது. காத்திருந்தோம். கடல்பாசி கேப்சூலைத் தொடர வேண்டாம் என்றேன்; கடல்பாசியில் அயோடின் நிறைய உண்டு, அயோடின் கலந்த உப்பைச் சாப்பிடுகிறவருக்கு மேற்கொண்டு அயோடினைக் கொட்டினால் அதுவே தைராய்டைக் கெடுக்கலாம்.

ஃபெரிட்டின் 6 வந்தது. இரும்புச் சேமிப்பு காலி. ஏன் என்பதற்கும் விடை நோட்டிலேயே கிடைத்தது. “அம்மாவுக்குத் தூரம்” என்ற குறிப்பு தொடர்ந்து எட்டு நாளுக்கு இருந்தது. நான் முதல் நாள், “மாதவிலக்கு சரியாக வருகிறதா?” என்றுதான் கேட்டிருந்தேன். “சரியா வருது” என்றார். 28 நாளுக்கு ஒரு முறை சரியாகத்தான் வந்தது, ஆனால் எட்டு நாள் பெரும்பாடாக. இரவில் எழுந்து துணி மாற்றுகிறீர்களா என்று கேட்ட பிறகுதான், “ரெண்டு தடவை, சில நாள் மூணு தடவை” என்றார். ஸ்கேனில் கருப்பையில் 4 செ.மீ. நார்க்கட்டி. மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசரமில்லை என்று, உதிரப்போக்கைக் குறைக்க அந்த நாட்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்.

இரும்பு மாத்திரை நாளுக்கு ஒன்று. குடற்புழு மாத்திரை ஒரு முறை. காபி, டீயை இரும்பு மாத்திரையோடு சேர்க்கக் கூடாது என்றதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. 2:45-க்கு எழுகிறவருக்குக் கடுங்காபி இல்லாமல் கண் திறக்காது. இரவு படுக்கும் முன் மாத்திரை என்று மாற்றிக்கொண்டோம்.

குளிர்வதற்கும் இரும்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குக் குளிரில் உடம்புச் சூட்டைத் தக்கவைக்கும் திறன் குறைகிறது. ஆக மகள் பார்த்த அசதி, முடி, குளிர் மூன்றும் உண்மை, அவற்றுக்கு வைத்த பெயர்தான் வேறு.

மாமியாருக்கு இ.சி.ஜி. பார்த்துவிட்டு, தைராக்சினை 25 மைக்ரோகிராமில் தொடங்கினேன். இளையவராக இருந்தால் எடைக்குத் தகுந்த முழு அளவில் தொடங்கலாம். 67 வயது இதயத்தை ஒரே நாளில் உசுப்பக் கூடாது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காபிக்கு முக்கால் மணி நேரம் முன். இரும்பு மாத்திரை டப்பா ஒரு தட்டில், தைராக்சின் இன்னொரு தட்டில் இருக்கட்டும் என்றும் சொன்னேன். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டால் இரும்பு தைராக்சினைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது, குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். மாற்றிச் சாப்பிட்டுவிடும் வீடு என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

தொடர்ந்தது

மூன்றாவது வாரத்தில் மருமகளின் படபடப்பு அடங்கியது, நாடி 88. எட்டாவது வாரத்தில், பெரியம்மா மாத்திரையும் அந்த இரண்டு டப்பாவும் இல்லாமல், டி.எஸ்.ஹெச். 2.3, ஃப்ரீ டி4 1.1. எதிர்ப்பொருள் பரிசோதனை தேவைப்படவில்லை. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.4. மூச்சு வாங்குவதில்லை. முடி கொட்டுவது இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஃபெரிட்டின் 21-க்குத்தான் வந்திருக்கிறது, அதற்கு இன்னும் சில மாதம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.

மாமியாருக்கு 25-லிருந்து 50, பிறகு 75 மைக்ரோகிராம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு வாரம் விட்டுப் பரிசோதனை. டி.எஸ்.ஹெச். 64, 38, 17, கடைசியாக 4.9. கொலஸ்ட்ரால் மருந்தில்லாமலே 222-க்கு இறங்கியிருக்கிறது. இரண்டாம் மாதத்தில் குரல் தெளிந்தது. அவர் முதலில் கவனித்தது வேறு: “மலம் லேசாப் போகுது தாயி.” பல வருட மலச்சிக்கலை அவர் என்னிடம் ஒரு குறையாகச் சொல்லவே இல்லை.

மகள் விடவில்லை. ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிய மாதத்தில், நான் கேட்காமலே, பத்து நாள் அம்மாவுக்கு மறுபடி சூடு எடுத்தாள். இம்முறை சரி பார்த்த தெர்மாமீட்டர். 2:45 மணி எண்கள் 96.9, 97.0, 96.8. பழைய கருவியின் 0.3 பிசகைக் கழித்தால் முன்பு இருந்த அதே இடம். அம்மாவோ வரப்பில் பூச்சாக்கோடு ஓடுகிறார்.

மாற்றிக்கொண்டவை

நோயாளி கொண்டுவரும் நோட்டை, செல்போன் குறிப்பை, ஸ்கிரீன்ஷாட்டை முதலில் வாங்கிப் பார்த்துவிடுகிறேன். இரண்டு நிமிடம் ஆகிறது. அன்று அதைப் பார்த்திருந்தால் 16-ஆம் நாள் குறிப்புக் கட்டத்தில் “பெரியம்மா மாத்திரை ஆரம்பம்” என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டிருக்கும். எல்லாவற்றையும் எழுதி வைத்த பெண் அதை மட்டும் விட்டிருப்பாளா? ஒளித்தது வாயில்தான், நோட்டில் இல்லை.

“வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்ற கேள்வியையும் மாற்றிவிட்டோம். அதற்கு எல்லோரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் நர்ஸ் இப்போது இப்படிக் கேட்கிறார்: “வீட்ல வேற யாரோட மாத்திரையாவது போட்டுப் பாத்தீகளா? முடிக்கு, தோலுக்கு, சத்துக்குன்னு டப்பா ஏதும் வாங்குனீகளா?” இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்கிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். பயோட்டின் என்றால் இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லித்தான் ரத்தம் எடுக்கிறோம்.

மாதவிலக்கு பற்றி “சரியா வருதா” என்பதோடு நிறுத்துவதில்லை. எத்தனை நாள், இரவில் எத்தனை முறை எழுந்து மாற்றுகிறார், கட்டியாகப் போகிறதா என்று கேட்கிறோம்.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை. சூடு எடுத்துப் பார்த்ததே வீண் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? நான் சொல்லவில்லை. பெரியம்மா மாத்திரைக்குக் கோபித்துக்கொண்டேன், நோட்டுக்குக் கோபிக்கவில்லை. இப்போது அதில் சூட்டுக் கட்டம் இல்லை. அம்மாவின் மாதவிலக்கு நாட்கள், இரும்பு மாத்திரைக்கு ஒரு டிக், அப்பத்தாவின் தைராக்சினுக்கு ஒரு டிக். அப்பத்தா பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஒரு கட்டம்: காபி குடித்த நேரம். போன வாரம் கொண்டுவந்தபோது பார்த்தேன். முக்கால் மணி நேரம் என்று நான் சொன்னது பெரும்பாலான நாட்களில் இருபது நிமிடமாகியிருக்கிறது. டி.எஸ்.ஹெச். 4.9-இல் நிற்பதற்கு அதுவாகவும் இருக்கலாம். மாத்திரை அளவை ஏற்றவில்லை. எட்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை எழுதியிருக்கிறேன்.